காதடைப்பான் சரியாகப் பொருந்த...

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திர இரைச்சலில் வேலை பார்ப்பவரா? செவிக்குழல் நேரானதல்ல; சுமார் 2.5 செ.மீ. நீளத்தில் சற்றே வளைந்து போகிறது. காதடைப்பானை அப்படியே திணித்தால் பாதியில் நின்றுவிடும், சத்தம் உள்ளே வரும். நுரை அடைப்பானைக் கழுவிய கையால் மெல்லியதாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள், வளைவு நிமிரும். செருகி, அது விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள்.

ஷிப்ட் முடிந்து குளித்ததும் காதைக் குடைய பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். குரும்பி சுரப்பது குழலின் வெளிப்பகுதியில்தான். அது தானாகவே வெளியேறும். குடைந்தால் உள்ளே போய் இறுகும். சீழோ வலியோ இருந்தால் எண்ணெய் ஊற்றாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.