சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்!

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுகிறீர்கள். விளக்கு எரியவில்லை. அல்லது திரையின் வலது கீழ் மூலையில் உள்ள பேட்டரி படத்தின் மீது மவுஸை வைத்தால் "ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்" என்று செய்தி வருகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு உடனே தோன்றுவது, "பேட்டரி போய்விட்டது" என்பதுதான். பல நேரங்களில் பழுது அங்கே இருப்பதில்லை. சரிபார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் பணமும் வீண். பழுதும் அப்படியே இருக்கும்.

மின்சாரம் செல்லும் வழியை முதலில் தெரிந்து கொள்வோம். ப்ளக் பாயின்ட், பவர் கார்டு, அடாப்டர், லேப்டாப்பின் சார்ஜிங் போர்ட், மதர்போர்டில் உள்ள சார்ஜிங் சர்க்யூட், கடைசியாக பேட்டரி. உப்பளப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் பாத்தியைத் தோண்டிப் பார்ப்பதில்லை, வாய்க்காலைத்தான் பார்ப்பார்கள். அதே முறையை இங்கும் பின்பற்றுவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

1. ப்ளக் பாயின்ட்

அதே ப்ளக் பாயின்ட்டில் டேபிள் லேம்ப் அல்லது செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால், அதை விடுத்து நேரடியாகச் சுவரில் செருகுங்கள்.

2. பவர் கார்டும் அடாப்டரும்

பல அடாப்டர்களில் சுவரில் இருந்து வரும் கார்டைத் தனியாகக் கழற்றலாம். அது அடாப்டரில் செருகும் இடம் தளர்ந்து போவது அடிக்கடி நடக்கும். கழற்றி, அழுத்திச் செருகுங்கள். ஒயர் மடங்கும் இடங்களில் வெடிப்பு இருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

3. வாட்ஸ் போதுமா?

அடாப்டரின் அடியில் சிறிய எழுத்தில் "அவுட்புட்" என்று ஒரு வரி இருக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 65 வாட்ஸ். உங்கள் லேப்டாப்புடன் வந்த அடாப்டர் 65 வாட்ஸ் என்றால், செல்போனின் 18 வாட்ஸ் சார்ஜரைச் செருகினால் போதாது. சார்ஜ் மிக மெதுவாக ஏறும். அல்லது ஏறவே ஏறாது.

டைப் சி போர்ட் உள்ளவர்கள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, லேப்டாப்பில் உள்ள எல்லா டைப் சி போர்ட்டிலும் சார்ஜ் ஏறாது. அருகில் சிறிய ப்ளக் அல்லது பேட்டரி படம் உள்ளதா என்று பாருங்கள். மற்றொன்று, கேபிள். சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டும் என்றால் 5 ஆம்பியர் கேபிள் தேவை.

சில நிறுவனங்களின் லேப்டாப், தன்னுடைய அடாப்டர்தானா என்று அடையாளம் கண்ட பிறகே பேட்டரியை சார்ஜ் செய்யும். மலிவான மாற்று அடாப்டரில் கம்ப்யூட்டர் இயங்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. இது பேட்டரியின் குற்றம் அல்ல.

டேப்ளட் முழுவதும் தீர்ந்து போயிருந்தால், சார்ஜரைச் செருகிய உடனே திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

4. சார்ஜிங் போர்ட்

கடலோர வாசகர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். மழைக்காலத்தில் ஜாடியில் உள்ள உப்பு நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். தூத்துக்குடியில் திரேஸ்புரம் கடற்கரையானாலும் முத்தையாபுரம் உப்பளப் பக்கமானாலும், காற்றில் வரும் நுண்ணிய உப்பு போர்ட்டுக்குள்ளும் படியும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜரைச் செருகியதும் போர்ட்டின் பின்களுக்கு இடையே அந்த ஈரத்தின் வழியாகவும் மின்சாரம் பாய்ந்து, உலோகத்தை அரிக்கிறது. செம்புப் பாத்திரத்தில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு இப்படித்தான் வருகிறது.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மகளின் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். "பேட்டரி மாத்தணும்னு சொல்லிட்டாங்க தம்பி. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்ட்டின் உள்ளே ஓரமாகப் பச்சைக் களிம்பு. போர்ட்டை மட்டும் மாற்றியதும் சார்ஜ் ஏறியது. பேட்டரி இன்றும் பழையதுதான்.

நீங்களும் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, தூசி மட்டும் என்றால், கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, காய்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. களிம்பு தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். போர்ட்டைத் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

5. சாஃப்ட்வேர் செட்டிங்

சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தில் நின்று விடுகிறதா? அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் கூட்டுவதற்காக லேப்டாப்பே அப்படி நிறுத்துகிறது. லெனோவோவில் இதற்கு கன்சர்வேஷன் மோட் என்று பெயர். லேப்டாப்புடன் வரும் நிறுவனத்தின் சாஃப்ட்வேரில் இதை நீக்கலாம்.

அடுத்து, லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின் எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்யுங்கள். சார்ஜிங் சர்க்யூட் குழம்பி நின்றிருந்தால் இதிலேயே சரியாகி விடும்.

6. கடைசியாக பேட்டரி

விண்டோஸ் 10, 11 இல் பேட்டரியின் நிலையைச் செலவில்லாமல் அறியலாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறக்கவும். "பவர்" என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து, இடம் விடாமல் சி, எஃப், ஜி என்ற ஆங்கில எழுத்துக்களைச் சேர்க்கவும். பின் ஓர் இடம் விட்டு, "/" குறி இட்டு, அதை ஒட்டியே "பேட்டரி", "ரிப்போர்ட்" என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். அறிக்கை சேமிக்கப்பட்ட இடத்தைத் திரை காட்டும். அந்த ஃபைலை பிரவுசரில் திறக்கவும்.

அதில் "டிசைன் கெப்பாசிட்டி" என்பது புதிதாக இருந்தபோது உள்ள கொள்ளளவு. "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" என்பது இன்று கொள்ளும் அளவு. முதல் எண் 45,000, இரண்டாவது 18,000 என்றால், பேட்டரியில் 40 சதவீதம்தான் மிஞ்சியிருக்கிறது. இப்போது தாராளமாக மாற்றலாம். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பழுது வேறெங்கோ இருக்கிறது.

உடனே நிறுத்த வேண்டியவை

பேட்டரி உப்பியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். டச்பேட் மேலே தூக்கி நிற்பது, லேப்டாப்பின் மூடி சரியாக மூடாமல் இருப்பது இதன் அடையாளங்கள். சார்ஜரைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. லித்தியம் அயன் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. இந்த ஆபத்துக்காகத்தான் 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

நனைந்த சாதனத்துக்கும் இதே எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. அப்படி வெள்ளம் புகும் நேரத்தில் லேப்டாப் நனைந்தால், "ஆன் ஆகிறதா பார்ப்போம்" என்று சார்ஜரைச் செருகுவதுதான் பெரிய கேடு. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் அரிப்பு வேகமெடுக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம். ஆஃப் செய்து, சார்ஜர் இல்லாமலே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது. அதன் துகளும் போர்ட்டில் சேரும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, எதை எதைச் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பேட்டரி அறிக்கையின் இரண்டு எண்களையும் குறித்துக் கொண்டு போங்கள். "பேட்டரி மாற்ற வேண்டும்" என்று சொன்னால், அந்த எண்களைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.