தருமத்துக்குப் போகும் சரக்கு



"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. இது வாங்குகிறவருக்குச் சொன்ன புத்தி. அவர் பல்லைப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் வாய் திறக்க மாட்டார். வண்டு விழுந்த பருப்பையும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். நம் கடை வாடிக்கையாளர் அப்படியல்ல. சரக்கு சரியில்லை என்றால் மறுநாளே கொண்டுவந்து கல்லாவின் முன் வைத்துவிடுவார். ஆகவே விற்கும் சரக்கைவிடத் தருமத்துக்குப் போகும் சரக்கைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல்லைப் பார்க்க வேண்டியவர் கொடுக்கிறவரே.

பெயர் புதிது, பழக்கம் பழையது

கடைகளிலும் கம்பெனிகளிலும் மிஞ்சும் நல்ல சரக்கை ஓர் இடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, இல்லங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் அனுப்பும் அமைப்பை 'உணவு வங்கி' என்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-ல் இது தொடங்கியது. நம் நாட்டிலும் இத்தகைய அமைப்புகள் உண்டு. கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' திருமண மண்டபங்களில் மிஞ்சும் உணவைச் சேகரித்து வழங்குகிறது.

ஆனால் நமக்கு இது புதிதல்ல. ஃபீனிக்ஸுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பே, 1867-ல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே இன்றும் அன்னம் இடப்படுகிறது. விருதுநகரில் வியாபாரிகள் மகமை வைத்தும், வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்தும் க்ஷத்திரிய வித்யாசாலையை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. மகமையின் சிறப்பே ஒழுங்குதான். மனம் வந்தபோது கொடுப்பதல்ல; வியாபாரம் நடக்கும் நாளெல்லாம் சேருவது.

1. கேட்டுவிட்டுக் கொடுங்கள்

தீபாவளி, பொங்கல், பிறந்த நாள் என்றால் இல்லங்களில் இனிப்பும் பிஸ்கட்டும் குவியும். மற்ற மாதங்களில் பருப்பு டப்பா காலியாக இருக்கும். ஆகவே இல்லத்துச் சமையல் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? எது எப்போதும் குறைகிறது? எவ்வளவு சரக்கு வைக்க இடம் இருக்கிறது?

ஐம்பது பேர் உள்ள இல்லத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தலைக்கு நாளொன்றுக்கு அரிசி 400 கிராம் (இட்லி அரிசி உட்பட), பருப்பு 50 கிராம், எண்ணெய் 30 மி.லி. என்று வைத்தால், 30 நாளுக்கு அரிசி 600 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 24. பருப்பு 75 கிலோ. எண்ணெய் 45 லிட்டர், அதாவது 15 லிட்டர் டின் மூன்று. இந்தக் கணக்கு கையில் இருந்தால் யார் எதைத் தருவது என்று பிரித்துக்கொள்வது எளிது.

2. சமைக்கிறவரை நினையுங்கள்

முதியோர் இல்லத்துக்குக் குழைய வேகும் அரிசி வேண்டும். இட்லி அரிசியையும் சாப்பாட்டு அரிசியையும் கலந்து அனுப்பினால் இரண்டுக்கும் உதவாது. ரவை, மைதா, கோதுமை மாவு மழைக்காலத்தில் சீக்கிரம் வண்டு பிடிக்கும். அவற்றைச் சிறிது சிறிதாகவே கொடுங்கள். உப்பு, புளி, மிளகாய்த்தூள், கடுகு ஆகியவை யாருக்கும் நினைவுக்கு வராத பொருள்கள். ஆனால் அவை இல்லாமல் குழம்பு இல்லை.

குளியல் சோப்பு, துணி சோப்பு, பினாயில், விளக்குமாறு, கொசுவர்த்தி, பெண்களுக்கான நாப்கின் ஆகியவற்றுக்கு இல்லங்கள் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. கேட்கவும் கூச்சப்படுவார்கள். நாமே கேட்டுக் கொடுப்பது நல்லது.

3. தேதியும் கட்டும்

காலாவதியான பொருளை விற்பது குற்றம் என்று நமக்குத் தெரியும். தருமம் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. உபரி உணவை வழங்குவதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. தேதி முடிய நான்கு நாள் இருக்கும்போது நான்கு பெட்டி பிஸ்கட் அனுப்பினால் அவர்கள் எப்படித் தின்று முடிப்பார்கள்? குப்பையில் கொட்டும் வேலையை அவர்கள் தலையில் ஏற்றியதாகத்தான் ஆகும். மாதம் ஒருமுறை இருப்பு பார்க்கும்போதே, விற்பனை மந்தமான, ஆனால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் தாங்கும் சரக்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தாலும் உள்ளே உறை பிரியாமல் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். உறை கிழிந்தது, டின் உப்பியது, எண்ணெய் காறலடிப்பது கூடாது. சோப்பு, பினாயில், ஊதுபத்தி, கற்பூரம் இவற்றை அரிசி, தேயிலையோடு ஒரே பெட்டியில் கட்டாதீர்கள். வாசனை ஏறிவிடும். ஒவ்வொரு கட்டின் மேலும் சரக்கு, எடை, தேதி மூன்றையும் எழுதுங்கள்.

4. வெள்ள காலத்தில்

2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். வீட்டில் தண்ணீர் நிற்கும்போது அடுப்பு எரியாது. அரிசி மூட்டை உதவாது. முதல் சில நாள் குடிதண்ணீர், ரொட்டி, பால்பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நாப்கின் வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, சோப்பு. அப்புறம்தான் அரிசி, பருப்பு.

5. கணக்கு எழுதுங்கள்

தருமத்துக்குக் கணக்கு பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். இல்லையென்றால் இருப்பு இடிக்கும். சலான் எழுதி, இல்லத்தில் கையெழுத்து வாங்கி, நாள்வழியில் பதியுங்கள்.

இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி இன்புட் வரி எடுக்க முடியாது. ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 50 ரூபாய் வரி கட்டி இன்புட் எடுத்திருந்தால், அந்த 50 ரூபாயை ரிட்டர்னில் திருப்பிவிட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் இன்புட் எடுப்பதே இல்லையாதலால் அவர்களுக்கு இந்த வேலை இல்லை. இலவசமாக அல்லாமல் கொள்முதல் விலைக்கே பில் போட்டுக் கொடுப்பதும் இல்லங்களுக்குப் பெரிய உதவி. அதில் இன்புட் பிரச்சினை எழாது.

வருமான வரியில் நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய கழிவு பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே; பொருளுக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ஏற்க மாட்டார்கள், காசோலையாகக் கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவும் கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனியாகக் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஐந்து பேர் சர்க்கரை அனுப்புவார்கள். ஒருவரும் உப்பு அனுப்ப மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒன்றோ இரண்டோ இல்லங்களை ஏற்றுக்கொண்டு, அரிசி மண்டிக்காரர் அரிசி, எண்ணெய்க் கடைக்காரர் எண்ணெய், சில்லறை மளிகைக்காரர் உப்பு புளி மிளகாய், பேன்சி கடைக்காரர் சோப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒரே வண்டியில் அனுப்பலாம். எடை போட்டு ஒப்படைக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். சிறு கடைக்காரர் மாதம் ஒரு கிலோ கடுகு கொடுத்தாலும் அது ஆண்டு முழுவதும் தவறாமல் போகட்டும். தீபாவளிக்கு ஒரு லோடு இறக்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அந்த ஒழுங்கை நாமும் கைக்கொள்வோம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பகுதியில் உள்ள ஓர் இல்லத்தின் பெயரையும், அங்கே சாப்பிடுவோர் எண்ணிக்கையையும், குறைகிற பொருள்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.