பற்றீரியா வாடலை டி. என். ஏ. பரிசோதனையால் அறிதல்

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய பயிர்களைச் செய்யும் கமக்காரர் யாவரும் வாடல் நோயை அறிவர். பசுமையாய் நின்ற செடி நண்பகலில் தளர்ந்து, மாலையில் சற்று நிமிர்ந்து, சில தினங்களுள் இலை பச்சையாக இருக்கும்போதே மடிந்துவிடும். ஆயினும் வாடும் செடிகள் யாவும் ஒரே காரணத்தால் வாடுவதில்லை. நீர்க்குறைவு, வேர்முடிச்சு வட்டப்புழு, பங்கசு, பற்றீரியா ஆகிய எதனாலும் செடி வாடக்கூடும். பங்கசு நாசினி பற்றீரியா வாடலைத் தீர்க்காது. காரணத்தை அறியாது மருந்து தெளிப்பவர் பணத்தை இழப்பதுடன், நோயுள்ள நிலத்திலிருந்தே அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கும் எடுத்து வைத்துவிடுவார். ஆகவே நோயைச் சரியாக அறிதலே முதல் வேலையாகும்.

தோட்டத்திற் செய்யும் சோதனை

வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் 3 அங்குலத் துண்டொன்றை வெட்டுக. தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில், வெட்டுமுனை நீரிற் படும்படி, அதனை அசையாது தொங்கவிடுக. சில நிமிடங்களுள் பால் போன்ற வெண்ணூல் கீழிறங்குமாயின் அது பற்றீரியா வாடலெனக் கொள்ளலாம். றால்சுதோனியா என்னும் இப்பற்றீரியா தண்டின் நீர்க்குழாய்களுட் பெருகி அவற்றை அடைத்துவிடுவதாலேயே செடி வாடுகிறது. அங்கு பெருகிய கூட்டமே நூலாக வழிகிறது.

இச்சோதனைக்குச் செலவில்லை, ஆனால் ஒரு குறையுண்டு. பற்றீரியா மிகுதியாகப் பெருகியிருந்தாலே நூல் தோன்றும். குளிர்ந்த மலைநாட்டில் விளைந்த கிழங்கினுள் இப்பற்றீரியா யாதோர் அடையாளமுமின்றி அடங்கியிருக்கக்கூடும். வெட்டிப் பார்த்தாலும் கிழங்கு குற்றமற்றதாகவே தோன்றும். அதனை வெப்பமான இடத்தில் விதையாக நடும்போது நோய் வெளிப்பட்டு, பயிருடன் மண்ணும் கெடும். இவ்வாறு மறைந்துள்ள நோயைக் காண்பதற்கே டி. என். ஏ. பரிசோதனை பெரிதும் உதவுகிறது.

பரிசோதனை நடைபெறும் விதம்

ஒவ்வோர் உயிரின் கலத்திலும் டி. என். ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. நால்வகைக் கூறுகள் எழுத்துக்களைப்போல் அதில் ஒழுங்காகத் தொடுக்கப்பட்டுள்ளன. இப்பற்றீரியாவின் ஒரு வகையில் ஏறத்தாழ 58 இலட்சம் எழுத்துக்கள் உள்ளனவென 2002ஆம் ஆண்டில் முழுமையாக அறியப்பட்டது. அவற்றுள் இப்பற்றீரியாக் கூட்டத்துக்கே உரிய பகுதிகள் சில உண்டு. அத்தகைய பகுதியொன்றைத் தேடிப் பெருக்குவதே இப்பரிசோதனையாகும்.

பெருக்கும் முறை பொலிமரேசு சங்கிலித் தாக்கம் எனப்படும். அமெரிக்கரான கரி முல்லிசு 1983ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, 1993இல் நோபெல் பரிசு பெற்றார். மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த டி. என். ஏ. ஏறத்தாழ 95 பாகை செல்சியசு வெப்பத்தில் இரு புரிகளாகப் பிரிகிறது. பின்னர் வெப்பம் குறைக்கப்பட, தேடும் பகுதியின் இரு முனைகளிலும் மாத்திரம் சிறு தொடக்கத் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. 72 பாகையில் நொதியமொன்று அங்கிருந்து புதிய புரியைக் கட்டுகிறது. வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியாவிலிருந்து முதலிற் பெறப்பட்ட இந்நொதியம் அவ்வெப்பத்தில் அழிவதில்லை.

ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கணக்குப்படி 10 சுற்றில் 1,024 ஆகவும், 30 சுற்றில் 100 கோடிக்கு மேலாகவும் பெருகும். தேடிய பகுதி மாதிரியில் இல்லையெனில் யாதும் பெருகாது. பெருகியதைக் கூழ்த்தட்டில் மின்சாரத்தாற் செலுத்தும்போது, வழமையான ஒரு பரிசோதனையில் 280 எழுத்து நீளமுள்ள பட்டி தென்படும். அதுவே பற்றீரியா உண்டென்பதற்கு அடையாளம். ஆய்கூடத்தில் இவ்வேலை சில மணித்தியாலங்களில் முடியக்கூடியது.

மாதிரி எடுத்தல்

மாதிரி பிழையானால் முடிவும் பிழையாகும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க:

1. வாடத் தொடங்கிய செடியையே எடுக்க. அழுகிய செடி உதவாது.

2. ஒவ்வொரு செடியை வெட்டிய பின்பும் கத்தியை மதுசாரத்தால் துடைக்க. கத்தியில் ஒட்டிய சிறிதளவு சாறும் நோயற்ற செடியை நோயுள்ளதாகக் காட்டிவிடும்.

3. அடித்தண்டைக் கடதாசியிற் சுற்றிப் பையிலிட்டு, வெயில் படாது, தாமதமின்றி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்க. பயிர், இனம், கிராமம், முன்னைய பயிர், திகதி ஆகியவற்றை எழுதி வைக்க.

4. விதைக்கிழங்காயின் சில கிழங்குகள் போதா. நூற்றுக்கு ஒன்று நோயுற்ற குவியலிலிருந்து 10 கிழங்குகளை மாத்திரம் எடுத்தால், நோய்க்கிழங்கு அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றே. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் ஒரு மாதிரிக்கு 200 கிழங்குகள் எனக் குறிக்கப்பட்டுள்ளது.

முடிவு கிடைத்த பின்னர்

நோய் இல்லையென்னும் முடிவு எடுத்த மாதிரிக்கே பொருந்தும்; தோட்டம் முழுவதற்கும் அது உறுதியன்று. இறந்த பற்றீரியாவின் டி. என். ஏ.யும் இப்பரிசோதனையில் தென்படக்கூடுமாதலால், வேண்டியவிடத்து ஆய்கூடத்தார் பற்றீரியாவை வளர்த்தும் பார்ப்பர்.

நோய் உண்டெனக் காணப்பட்டால், அதனை மாற்றும் மருந்து இல்லையென உணர்க. நோயுற்ற செடிகளை வேருடன் அகற்றி அழிக்க. அந்நிலத்துக் கிழங்கை விதைக்கு வைக்கவோ அயலாருக்கு விதையாகக் கொடுக்கவோ வேண்டாம். அங்கு வழிந்தோடும் நீரை வேறு பாத்திகளுக்குப் பாய்ச்சாதீர். மண்வெட்டியைக் கழுவிய பின்னரே அடுத்த நிலத்திற் பயன்படுத்துக. அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாது, நெல், சோளம், வெங்காயம் ஆகியவற்றை மாற்றிப் பயிரிடுக. அக்காலத்தில் மணத்தக்காளி போன்ற களைகளும் தானாக முளைக்கும் கிழங்குச் செடிகளும் நிற்கவிடலாகாது. அவற்றிலும் பற்றீரியா தங்கி வாழும்.

விதைக்கிழங்கு நடப்பட்ட பின்னர் பரிசோதித்து அறிவது காலந்தாழ்த்திய அறிவாகும். ஆதலின் கிழங்கை விதைக்கெனப் பிரித்து வைக்கும்போதே மாதிரியைக் கொடுத்து, முடிவு கிடைத்த பின்னரே நடுகையைத் தொடங்குமாறு கமக்காரர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.