கஞ்சாச் செடியும் நம் கடைவாசலும்



செமிலிங்கிலோ பெடோங்கிலோ மளிகைக் கடை நடத்தும் நம்மவர் ஒருவரிடம், நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து கேட்பதாக வைத்துக்கொள்வோம். "பாய், அடுத்த வாரம் ஹாட்யாய் போகிறீர்களாமே! அங்கே ஹெம்ப் எண்ணெய் என்று விற்கிறார்களாம். வீட்டிலே அவளுக்கு முழங்கால் வலி தாங்க முடியவில்லை. நாலு புட்டி வாங்கி வாருங்கள்."

நம்மவர் இரக்கப்பட்டு, "ஆகட்டும்" என்கிறார். இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் அந்த ஒரு சொல் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதே இன்றைய பாடம்.

1. செடி எது?

ஹெம்ப் என்பதைச் சிலர் சணல் என்று தமிழாக்குகிறார்கள். இது தவறான எண்ணத்தை உண்டாக்கும். நாம் அரிசி மூட்டைக்குப் பயன்படுத்தும் கோணிச் சணல் வேறு செடி. ஹெம்ப் என்பது கஞ்சா இனமேதான். போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருள் மிகக் குறைவாக உள்ள வகையை நாருக்கும் விதைக்கும் பயிரிட்டால் அதற்கு ஹெம்ப் என்று பெயர். அமெரிக்கா 2018-ம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 0.3 விழுக்காடு என்று எல்லை வகுத்தது. அந்த எல்லை அந்நாட்டுக்குரியது. நமது நாட்டுக்குரியது அன்று.

2. ஆராய்ச்சியாளர் கண்டது என்ன?

1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானசி என்ற டாக்டர் இச்செடியை முறையாக ஆராய்ந்தார். முதலில் நூல்களையும் நாட்டு வைத்தியர்களையும் விசாரித்தார். அவருக்கு உதவியவர்களில் ஹூக்ளி இமாம்பாராவின் முத்தவல்லி சையித் கராமத் அலியும் ஒருவர். பிறகு பிராணிகளிடம் சோதித்தார். அதற்குப் பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார். தனுர்வாத ஜன்னியிலும் குழந்தை வலிப்பிலும் இழுப்பு தணிவதைக் கண்டு எழுதிவைத்தார்.

1964-ல் இஸ்ரேலைச் சேர்ந்த மெக்குலம், காவோனி என்ற இரு விஞ்ஞானிகள் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். இதே செடியில் போதை தராத சி.பி.டி. என்ற பொருளும் உண்டு. 1980-ல் மெக்குலமும் பிரேசில் நாட்டு மருத்துவர்களும் காக்காய்வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்கு அதைக் கொடுத்தபோது, நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயினும் குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்குரிய மருந்தாக அமெரிக்க அரசாங்கம் அதை ஏற்றது 2018 ஜூனில்தான். இடையில் கழிந்தவை 38 ஆண்டுகள்!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? இச்செடியில் மருந்து உண்டென்பது உண்மை. ஆனால் இன்ன நோய்க்கு, இன்ன அளவு, இன்ன சுத்தம் என்று நிரூபிக்கப்பட்டதே மருந்து. "சகல வலிகளுக்கும்" என்று சீட்டு ஒட்டிய புட்டி மருந்தாகிவிடாது.

3. சட்டம் சொல்வது என்ன?

சட்ட வல்லுநரும் இச்செடியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1893-94-ல் மாக்வொர்த் யங் என்பவர் தலைமையில் இந்தியாவில் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து, அளவோடு உபயோகிப்பதால் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு, முழுத்தடை வேண்டாம், கட்டுப்பாடே போதும் என்று அக்குழு முடிவு கூறியது. 1961-ம் ஆண்டு உலக ஒப்பந்தம் கஞ்சாவைக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. நாருக்கும் விதைக்கும் பயிரிடுவதை மட்டும் விலக்கி வைத்தது. 2020 டிசம்பர் 2-ல் 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில், மிகக் கொடியவற்றுக்கான பட்டியலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. ஆயினும் கட்டுப்பாடு நீங்கவில்லை.

நம் மலேசியாவில் உள்ளது 1952-ம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டம். அதில் ஹெம்ப் என்று தனி வகுப்பு கிடையாது. கஞ்சா இனத்தின் எந்தப் பகுதியானாலும் அது கஞ்சாவே. 200 கிராமோ அதற்கு மேலோ ஒருவரிடம் இருந்தால் அவர் கடத்தல்காரர் என்றே சட்டம் ஊகிக்கும். கடத்தலுக்கு மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும். 2023 ஜூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை. நீதிபதி ஆராய்ந்து தீர்ப்பளிக்கலாம். ஆனால் மரண தண்டனை ஒழிந்துவிடவில்லை.

வியாபாரிகள் கவனிக்கவேண்டிய இடம் இன்னொன்று. 37-ம் பிரிவின்படி, நமது வசத்தில் உள்ள பெட்டியில் அப்பொருள் இருந்தால், அது இன்னதென்று நாம் அறிந்தே வைத்திருந்தோம் என்று கொள்ளப்படும். அறியவில்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில்! "அவர் கொடுத்தார், நான் கொண்டுவந்தேன்" என்பது போதுமான பதிலாகாது.

2018 ஆகஸ்டில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 29 வயது இளைஞர் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்தவர். நாடே அதைப் பற்றிப் பேசிற்று. அத்தீர்ப்பை மறுபடி ஆராயவேண்டும் என்று அன்றைய பிரதமர் மகாதீரும் சொன்னார். நல்லெண்ணம் மட்டும் சட்டத்தின் முன் கேடயமாகாது என்பதற்கு இது ஒரு படிப்பினை.

சரியான வழி இல்லாமலும் இல்லை. கஞ்சா கலந்த மருந்து, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்று, உரிமம் உள்ளவரால் இறக்குமதி செய்யப்பட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் உபயோகிக்கலாம் என்று 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடீன் நாடாளுமன்றத்திற்குப் பதிலளித்தார். அந்த வழியில் மளிகைக் கடைக்கு இடமில்லை.

4. பயிரிடுவோர் நிலை

இந்தியாவில் உத்தராகண்ட் மாநிலம் 2018-ல் நாருக்காக ஹெம்ப் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கியது. தாய்லாந்து 2022 ஜூன் 9-ல் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் காளான்போல் முளைத்தன. 2025 ஜூனில் அந்நாட்டு அரசாங்கம், மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கலாகாது என்று திருப்பிக்கொண்டது. முதல் போட்டவர்கள் தவித்தார்கள். சட்டம் நிலைக்காத சரக்கில் முதல் போடலாகாது என்பது நமது பெரியவர்கள் அறிந்த பாடமே.

நமது நாடு வேறு செடியைத் தேர்ந்தெடுத்தது. புகையிலை விவசாயிகளுக்கு மாற்றுப் பயிராகக் கேனாஃப் வந்தது. 2009-ல் இயற்றிய சட்டத்தின்படி அதற்குத் தேசிய வாரியமும் அமைந்தது. கேனாஃப் வேறொன்றுமில்லை, ஊரில் நாம் கடைந்து உண்ணும் புளிச்சைக்கீரையின் இனம். அதன் இலை கஞ்சா இலையைப் போலவே விரிந்திருக்கும். அதன் தாவரப் பெயரே "கஞ்சா போன்றது" என்று பொருள்படும். ஆனால் அதில் போதை இல்லை, குற்றமும் இல்லை.

5. கெடாவின் சொந்த இலை

கெத்தும் மரத்தை நம் வட்டாரத்தில் அறியாதார் இல்லை. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆராய்ச்சி மையம் பல்லாண்டுகளாக இதை ஆராய்கிறது. பேராசிரியர் விக்னசிங்கமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரும் 26 ஆண்களிடம் சோதித்து, கெத்தும் நீர் வலி தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்று 2020-ல் வெளியிட்டனர். தாய்லாந்து 2021 ஆகஸ்டில் இதற்கிருந்த தடையை நீக்கியது. இங்கேயோ 1952-ம் ஆண்டு விஷச் சட்டத்தின்படி இது குற்றமே. 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது நான்காண்டு வரை சிறை. ஆராய்ச்சி நல்லது சொன்னாலும், சட்டம் மாறும்வரை அது அனுமதியாகாது.

6. மார்க்கத்தின் பார்வை

போதை ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஷாஃபிஈ அறிஞரான இமாம் ஜர்கஷீ (மறைவு 1392) கஞ்சாவின் தடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மருந்தாக உபயோகிப்பது பற்றியும் அதில் ஆராய்ந்தார். ஆகவே இக்கேள்வி புதிதன்று. நோயாளியின் அவசியம் வேறு, வியாபாரியின் இலாபம் வேறு என்பதை மறவாதிருப்போம்.

7. நாம் செய்யவேண்டியது

அந்த வாடிக்கைக்காரரைக் கடிந்து அனுப்ப வேண்டாம். அவர் வீட்டில் வலி இருப்பது மெய். "இந்தப் பொருள் எல்லையில் நம் இருவரையும் மாட்டிவிடும். டாக்டரிடம் காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லலாம். இரக்கத்தைக் காட்ட இதுவே பத்திரமான வழி. பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாங்கலாகாது. கடைப்பையன்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஹெம்ப், கோணிச் சணல், கேனாஃப் மூன்றுக்கும் வேற்றுமை என்ன?
2. 1980-ல் கண்ட பலன் மருந்தாக 2018 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?
3. பொட்டலத்தில் உள்ளது தெரியாது என்று சொன்னால் சட்டம் ஏற்குமா?

வீட்டாரோடும் கடையாட்களோடும் இவற்றைப் பேசிப் பாருங்கள். அல்லாஹ் நம் வியாபாரத்தை ஹலாலாகவும் பத்திரமாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.