பெயின்ட் கடைசியில் அடிக்கலாம்

வத்தலக்குண்டு
ஐப்பசி 2

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய போட்டோக்களைச் சின்னவள் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்பு மேட் பெயின்ட், கேபின் மேலே வரிசையாக விளக்கு, இடுப்பு உயரத்துக்கு டயர். "நம்ம டாட்டா மொபைல் பிக்கப்பை இப்படி ஆக்கிடுவேன் பெரியப்பா, தை மாசம் சிநேகிதங்களோட கொடைக்கானல் போறோம்" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் சரி பெரியப்பா, சரி பெரியப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் போடு.

வண்டி உன்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் உன் பேர் ஏறி எத்தனையோ நாளாகிவிட்டது, அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. செட்டில் கிடக்கிறதை எடைக்குப் போடலாம். காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். நீ சொல்கிறபடி ஸ்கார்ப்பியோ என்ஜினை ஏற்றி, உயரத்தைத் தூக்கி, ஆளையே மாற்றலாம். இல்லை, உங்கப்பா ஓட்டின மாதிரியே எடுத்து நிறுத்தலாம். மூன்று வழிதான். எது நல்லது என்று நீயே யோசித்து முடிவு பண்ணு.

விற்பதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விற்றால் பணம் வரும், அடுத்த பொங்கலுக்குள் செலவாகிவிடும். பண்ணைக்காட்டிலிருந்து அந்த வண்டியில் இறங்கின விருப்பாச்சி வாழைத்தார்தான் உங்க அக்கா கல்யாணத்தை நடத்தியது. அது உனக்கே தெரியும்.

என்ஜின் மாற்றுகிற விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. என்ஜின் போய்விட்டால் அதே மேக், அதே டைப் என்ஜினை ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. மாற்றின வண்டிக்கு எஃப்.சி. எடுக்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள். நடுவில் ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணமும் ஏறிவிட்டது. அதோடு பசுமை வரி வேறு. காகிதம் சரியில்லாத வண்டிக்கு யார் இதையெல்லாம் கட்டுவது? டயர் பெரிதானால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மீட்டர் காட்டுகிறதை விட வண்டி வேகமாகப் போகும், அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த அதே பிரேக் இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும். இதை மலையில் ஓட்டப்போகிறேன் என்கிறாய்.

பிரேக் என்று எழுதினதும் எனக்குக் கை நிற்கவில்லை. உங்கப்பாவுக்கு மலையில் பிரேக் போன கதையை உங்கம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் பட்டறைக்காரனைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த வருஷம் எஃப்.சி.க்காக உங்கப்பா வண்டியை ஒரு பட்டறையில் விட்டான். பேர் வேண்டாம், அந்த ஆள் இன்னும் கடை வைத்திருக்கிறார். டிங்கரிங், பட்டி, பெயின்ட், அடிப்பக்கம் முழுக்கத் தார், பிரேக் வேலை என்று பில் போட்டார். வண்டி வந்து நின்றபோது தெருவே கூடிப் பார்த்தது. புது வண்டி தோற்றது, கண்ணாடி மாதிரி இருந்தது. உங்கப்பா சந்தோஷத்தில் பில்லுக்கு மேலேயே கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு அந்தத் தார்தான் உறுத்தியது. தாரைப் பூசுமுன் துருவைச் சுரண்டினீர்களா என்று கேட்டேன். சுரண்டாமல் பூசுவோமா அண்ணே என்றார்.

சுரண்டவில்லை. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு இறங்கி, பெருமாள்மலை தாண்டினதும் பின் சக்கரத்துக்குப் போகிற பைப் வெடித்துவிட்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. முன் பிரேக்கை வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் சமாளித்திருக்கிறான். சுமையோடு அத்தனை இறக்கத்தில் அதுவும் சூடேறி வேலை செய்யவில்லை. ஒரு கியரைக் குறைத்து, மலைப் பக்கம் உரசி உரசி, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவனுடைய இடது கால் அதற்கப்புறம் கடைசிவரைக்கும் நேராகவில்லை. அன்றைக்கு உன்னையும் கூட்டிப்போவதாக இருந்தது. ஜுரம் என்று உங்கம்மா நிறுத்திவிட்டாள்.

வண்டியைக் கயிறு கட்டிக் கொண்டுவந்ததும் நான் அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸ் ஓரமாக ஓடுகிற அந்தப் பிரேக் பைப்பின் மேலேயும் தாரைப் பூசியிருந்தார்கள். பில்லில் புதுப் பைப் என்று எழுதியிருந்தது. நகத்தால் தாரைக் கிளப்பினேன். அடியில் பைப் செதில் செதிலாக உரிந்து வந்தது. கிளிப் பிடித்திருந்த இடத்தில் ஈரம் தங்கித் தங்கி, குண்டூசி நுழைகிற ஓட்டை. அந்தப் பைப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். மலைக்கு ஓடுகிற வண்டி அப்படித்தான் அண்ணே இருக்கும் என்றார். உங்கப்பா சண்டை வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் அப்படித்தான். எனக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், பழைய வண்டியில் முதலில் பெயின்டைப் பேசுகிறவனை நம்பாதே. பெயின்ட் கடைசியில் அடிக்கலாம். அடிக்காமலும் ஓட்டலாம்.

நீ எடுத்து நிறுத்துவதென்று முடிவு பண்ணினால், அது உன் முடிவுதான், இப்படி ஆரம்பி. பின்னால் சுமை ஏற்றுகிற தொட்டியின் போல்ட்டைக் கழற்றி ஆறு பேரை வைத்துத் தொட்டியைத் தனியாக இறக்கு. துரு தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும்; மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கேரட் மண்ணும் வாழைச் சாறும் சேர்ந்து அங்கே வருஷக்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்வரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அழுகின இடம் பொத்தென்று அமுங்கும். பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற பிராக்கெட்டைச் சுற்றி மட்டும் இரண்டு தடவை தட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தியும் பார். வொயர் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்த பிறகுதான் ரெட் ஆக்ஸைடு. தேய்க்கிற வேகத்தில் சேஸிஸ் நம்பர் பஞ்ச் பண்ணின இடத்தில் கிரைண்டர் வைத்துவிடாதே. அந்த எண் அழிந்தால் எஃப்.சி.யில் வண்டியை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முதலிலேயே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வை.

வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் சேஸிஸ் வேலை தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூப்பிடு, கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவர் வேண்டாம். குறுக்கே ஒரே கோடாக வைத்த வெல்டிங் பக்கத்திலேயே பிறகு விரிசல் விடும். பேட்டரி ஒயர், ஆல்டர்னேட்டர் ஒயர் இரண்டையும் கழற்றாமல் வெல்டிங் ராடைத் தொட விடாதே.

அப்புறம் பிரேக். பைப், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், லைனர் எல்லாம் புதிதாக வாங்கு. நீ ஒரகடத்தில் இருக்கிறாய், புதுப்பேட்டைக்குப் போனால் கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு என்று எது வேண்டுமானாலும் பழசில் கிடைக்கும். அதெல்லாம் வாங்கு. பிரேக் சாமான் மட்டும் பழசில் வாங்காதே. ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி சூடுவரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறிப்போனால் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் பெடல் போகும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமலே காலம் போய்விடும். 7,000 அடி உயரத்திலிருந்து சுமையோடு இறங்குகிறவனுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்று.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்களை நீ பார்த்திருப்பாய். உன் சிநேகிதங்களில் யாராவது இதை ஒரு திறமை மாதிரி சொன்னால் சாவியை அவர்கள் கையில் கொடுக்காதே. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கொடுப்பது தனியாக ஒரு பம்ப். என்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். உங்கப்பா அன்றைக்கு உயிரோடு வந்ததே அந்தக் கியரால்தான்.

என்ஜினைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. 1988-ல் டாட்டா மொபைல் வந்தபோது போட்ட அந்த 1948 சி.சி. டீசல் என்ஜினைத்தான் பின்னால் 1991-ல் சியராவிலும் 1994-ல் சுமோவிலும் போட்டார்கள். அதனால் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. பழைய சுமோ வேலை பார்த்த மேஸ்திரிகள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. இதில் டைமிங்குக்குச் சங்கிலி கிடையாது, ரப்பர் பெல்ட். இத்தனை வருஷம் ஒரே மடிப்பில் நின்ற பெல்ட் அது. மாற்றாமல் செல்ஃப் அடித்தால் அறுந்து வால்வு வளையும். பெல்ட்டை மாற்றி, டேங்க்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் புதிதாகப் போட்டு, ஸ்பானர் வைத்து என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார். எங்கேயும் முட்டாமல் சுற்றினால் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணலாம். பம்ப், நாசில் இரண்டையும் காலிபரேஷனுக்குக் கொடுத்துவிட்டால் புகையும் குறையும்.

வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகப் பண்ணப்போவதாக உங்கம்மா சொல்லி அழுகிறாள். பழைய வண்டி எடுத்துக் கட்டி விற்கிற தொழில் கெட்ட தொழில் இல்லை. ஆனால் முதல் வண்டியே ஓடாமல் இருக்கும்போது இரண்டாவது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. அவள் வளையலையும் அடகு வைக்காதே. மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இந்த மாசம் பிரேக், அடுத்த மாசம் ஸ்பிரிங் புஷ் என்று பண்ணினால் வண்டியும் நிற்கும், அவளும் தூங்குவாள். தை மாசத்துக்குள் முடியாது. அடுத்த தைக்கு முடியும். அதுவரைக்கும் சிநேகிதங்களோடு பஸ்ஸில் போய் வா. வத்தலக்குண்டில் இறங்கினால் எல்லாருக்கும் இங்கேயே சாப்பாடு.

ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. பெரியம்மா படித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை ஆசையாகக் கேட்டதற்கு இத்தனை பக்கமா என்று கோபித்துக்கொண்டாள். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு. நம் வீட்டில் உன் வயசுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். உங்கப்பா இருந்தால் பூரித்துப்போயிருப்பான். கறுப்பு பெயின்ட் உனக்குப் பிடித்திருந்தால் கறுப்பே அடி. பெயின்டுக்கும் கூலிக்கும் நான் தருகிறேன், அதற்கு நீ ஒரு பைசா போடக் கூடாது. சட்டம் விடுகிற மட்டும் முன்னால் இரண்டு விளக்கும் மாட்டிக்கொள், அதுவும் என் கணக்கு. வீல் சிலிண்டர் கிட்டை மட்டும் நானே வாங்கி வைத்துவிட்டேன். ஜாக்கி, கிரீஸ் கன், உங்கப்பாவின் ரிங் ஸ்பானர் செட் எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே லீவு போட்டு வா. தொட்டியை இறக்க ஆளுக்கு நான் சொல்லி வைக்கிறேன். சுழியனும் முறுக்கும் உனக்குத் தனியாக ஒரு டப்பா என்று பெரியம்மா சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது பைக்கை மெதுவாக ஓட்டு.

அன்புடன்,
பெரியப்பா