திறப்பைக் கொடுக்க முன்னர் ஒரு கடிதம்

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பிய எங்களுக்கு வீடு மாறுவது புதிதல்ல. சொல்லிவிட்டு மாறுவதுதான் புதிது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது யாரும் யாருக்கும் ஒரு மாத அறிவித்தல் கொடுக்கவில்லை. பிறகு இருந்த வீடுகளும் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகள். வாடகை கொடுத்தோமோ இல்லையோ, கடுதாசி என்று ஒன்று இருந்ததில்லை. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. பின்னர் எங்கள் காணியும் கைக்கு வந்து, அங்கே வீடு எழும்பிய காலத்தில் நாங்கள் அளவெட்டியில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டை விடும்போதுதான் முறைப்படி எழுதிக் கொடுத்தேன்.

எப்போது எழுதுவது என்பதுதான் முதல் சிக்கல். வீட்டுத்திட்டக் காசு அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டங் கட்டமாக வரும். ஒரு கட்டம் பிந்தினால் எல்லாம் பிந்தும். மேசன் சொல்லும் திகதியை நம்பி அறிவித்தல் கொடுக்க வேண்டாம். கூரை போட்டு, கதவு பூட்டி, கிணறு இறைத்து, மின்சார மீற்றரும் வந்த பிறகு எழுதுங்கள். ஒரு மாத வாடகை கூடப் போகலாம், போகட்டும். கொடுத்த அறிவித்தலைத் திருப்பிக் கேட்கப் போனால் நீங்கள் வீட்டுக்காரரின் தயவில் நிற்க வேண்டும். அதற்குள் அவர் வேறொருவரிடம் முற்பணமும் வாங்கியிருப்பார்.

அடுத்தது திகதிக் கணக்கு. மாத வாடகைக்கு இருப்பவர் முழுதாக ஒரு மாதம் முன்னர் அறிவிக்க வேண்டும், அந்த மாதம் வாடகை மாதத்தின் முடிவோடு முடிய வேண்டும் என்பதே இங்குள்ள வழமையான சட்டநிலை. செப்ரெம்பர் 30இல் விடுவதென்றால் கடிதம் ஓகஸ்ட் முடிய முன்னர் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். செப்ரெம்பர் 5இல் கொடுத்தால் அது ஒக்ரோபர் 31க்குத்தான் செல்லும். 15ஆம் திகதி குடிவந்தவருக்கு மாதம் 14இல் முடியும். கணக்கை அதன்படி போடுங்கள். ஐயர் குறித்துத் தரும் குடிபூரல் நாள் இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. எங்களுக்கு நாள் வந்தது ஆவணி நடுவில். சாமான் முதலில் போய்விட்டது, வாடகை மாத முடிவுவரை ஓடியது. வெறும் வீட்டுக்கு வாடகையா என்று மனுசி முணுமுணுத்தா. ஆனால் அந்த நாட்களில்தான் வீட்டை ஆறுதலாகக் கூட்டிக் கழுவ முடிந்தது.

"ஒரு வருசத்துக்கென்று எழுதி ஒப்பமிட்டனாங்களே" என்பவர்கள் அந்தத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டு விறாந்தையில் இருந்து எழுதிய தாளை அந்த ஒரு வருடத்துக்கான குத்தகையாக நீதிமன்றம் எடுக்காது. நொத்தாரிசு உறுதி இருந்தால் அதில் எழுதிய அறிவித்தற் காலமே செல்லும். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைச் சிலர் தூக்கிக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் வீட்டுக்காரர் குடியிருப்பவரை எழுப்புவதற்குப் போட்ட கட்டுப்பாடு. நாமாக எழும்பிப் போகும்போது கடிதம் எழுதும் வேலை நமக்குத்தான்.

இனி யாரிடம் கொடுப்பது? எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய கேள்வி. வீட்டுக்காரர் கனடாவில், வாடகை வாங்குவது ஊரில் இருக்கும் தமக்கை. அவவிடம் முதலில் வாயால் சொன்னேன், பிறகுதான் கடிதத்தை நீட்டினேன். அப்படியிருந்தும் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி, கோடு கச்சேரிக்குப் போற மாதிரிக் கடுதாசி தாறியள்? நாங்கள் என்ன பிறத்தியாரே?"

"இல்லை அன்ரி, தம்பியார் அங்கை இருக்கிறார். நாளைக்கு அவர் கேட்டால் நீங்கள் காட்ட ஒண்டு வேணுமெல்லே."

கடிதம் அவவுக்குத்தான் காவல் என்று தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்து, பிரதியில் ஒப்பமும் திகதியும் போட்டுத் தந்தா. அதே கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கனடாவுக்கும் அனுப்பினேன். அற்றோணித் தத்துவம் யார் பெயரில் இருக்கிறது, அறிவித்தலை யார் வாங்குவது என்பதைக் குடிவரும் நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது. ஒப்பமிட மறுப்பவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள்.

கடிதம் அரைப்பக்கம் போதும். "இவ்விலக்க வீட்டில் மாத வாடகைக்கு இருக்கும் நான், 30.09 அன்றுடன் வீட்டை வெறுமையாக ஒப்படைப்பேன். ஓகஸ்ட் மாதம் வரை வாடகை செலுத்தியுள்ளேன். தங்களிடமுள்ள முற்பணத்தை ஒப்படைக்கும் அன்று தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." காரணம் எழுதத் தேவையில்லை. கிணற்று மோட்டர் பழுது, கூரை ஒழுக்கு, பக்கத்து வளவுச் சண்டை எதுவும் அதில் வரக்கூடாது. குறை சொன்ன கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், முற்பணம் வராது.

முற்பணத்தைக் கடைசி மாத வாடகையில் கழிக்கலாமென்று தாமாகவே முடிவெடுத்து வாடகையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் சம்மதித்து எழுதித் தந்தாலொழிய அதைச் செய்ய வேண்டாம். உடைந்த கண்ணாடிக்கும் வராத மின்சார பில்லுக்கும் அவரிடம் இருக்கும் பிணை அதுதான். மின்சாரக் கணக்கு அவர் பெயரிலேயே இருப்பதால், ஒப்படைக்கும் நாளில் இருவரும் நின்று மீற்றர் இலக்கத்தைப் படம் எடுங்கள். அறை அறையாகவும் எடுங்கள்: குசினிச் சுவர், கக்கூஸ் கதவு, தண்ணீர் டாங்கின் மூடி. எங்களுக்கு வந்த ஒரேயொரு இழுபறி தேங்காயில். கடைசி மாதம் விழுந்த தேங்காய் வளவோடு சேருமா, வாடகையோடு சேருமா என்று அன்ரி கேட்டா. பாதி கொடுத்தேன். அந்த மரங்களுக்குத் தண்ணீர் விட்டது நாங்கள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது.

திறப்புகள் எல்லாவற்றையும், படலைப் பூட்டின் திறப்பு உட்பட, எண்ணிக் கொடுத்து ஒரு வரி எழுதி வாங்குங்கள். திறப்பு உங்கள் கையில் இருக்கும்வரை வீடும் உங்கள் கையில்தான், வாடகையும் ஓடும்.

பிறகு பழைய இடத்து விதானையாரிடம் போய்ப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். தரம் 1இல் சேர்க்கப் பிள்ளை உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளிக்கூட அனுமதிக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் எந்த முகவரியில், எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். வாடகைக்கு வந்தபோது அளவெட்டியில் பதியாமல் விட்டவர்களுக்கு அந்த வருடங்களைப் பிறகு எங்கும் சேர்க்க முடியாது.