முதலில் ‘கொக்கு’ என்று தட்டிப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

கிராஃபிக் டிசைன் கற்க ஆசை, போட்டோஷாப்பா, கோரல் டிராவா, கேன்வாவா, எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். ஊரில் ஆறு மாத வகுப்பு ஒன்றில் ஒன்பது மென்பொருள் சொல்லித் தருகிறார்களாம், சேரலாமா என்றும் எழுதியிருந்தாய். இப்போது சேராதே. ஒரு மென்பொருள் கைக்குப் பழகவே ஆறு மாதம் பிடிக்கும். ஒன்பதையும் அதற்குள் தொட்டுவிட்டு வந்தால் மெனுக்களின் பெயர்தான் மனதில் தங்கும்.

உன் வேலை எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய். கல்யாணப் பத்திரிகை, கடையின் பெயர்ப்பலகை, புத்தக அட்டை என்று நீ சொன்னவை எல்லாமே அச்சுக்குப் போகிறவை. எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துதான் கண்ணில் முதலில் படும். அதனால் போட்டோஷாப் உன் முதல் கருவி ஆகாது. 1990-இல் வெளிவந்த அது புகைப்படம் திருத்துவதற்கென்றே உருவானது. படத்தைப் பிக்சல்களாக வைத்திருக்கும். 5-க்கு 7 அங்குலப் பத்திரிகைக்கு, 300 டிபிஐ கணக்கில், 1500-க்கு 2100 பிக்சல் போதும். அதே படத்தைப் பத்தடி பேனருக்கு இழுத்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். இலஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இங்க்ஸ்கேப் ஆகியவை வெக்டர் வகை. வளைவு எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து காட்டும். அதனால் விசிட்டிங் கார்டில் இருந்த எழுத்து பலகைக்குப் போனாலும் கூர்மை குறையாது.

இந்த மூன்றில் நீ இங்க்ஸ்கேப்பில் தொடங்கு. 2003-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. விலை கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அடோபி 2013-இல் சந்தா முறைக்குப் போனதிலிருந்து இலஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்புகளுக்குத் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும்; சம்பாதிக்கத் தொடங்குமுன் அது உனக்கு வீண் சுமை. ‘கிராக்’ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். அதோடு சேர்ந்து வைரஸும் வரும் என்பது ஒருபுறம். நாளைக்கு நீயே உன் டிசைனுக்குக் கூலி கேட்கப் போகிறவள். அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துப் பழகுவது நல்லதில்லை.

எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் யூனிகோடில் ‘கொக்கு’ என்று தட்டிப் பார். கணினி ‘கொ’வைக் க, ஒகரக் குறி என்று இரண்டாகத்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், சில சமயம் புள்ளி வட்டம் ஒன்றும் கூடவே வரும். இங்க்ஸ்கேப் இதைச் சரியாகவே செய்கிறது. அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கென்று ஓர் எழுத்தமைப்பு விருப்பம் உண்டு. அதை இயக்காவிட்டால் உயிர்மெய்கள் உடைந்துதான் வரும். தெரியாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்த பலகைகள் எத்தனையோ கடைகளில் இன்றும் தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த ஊரில் எழுத்து உடைந்து தொங்கக் கூடாது.

டிடிபி கடைகளில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிறார்கள். எழுத்துருவை மாற்றினால் அந்தத் தமிழ் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும், தேடினாலும் அகப்படாது. நீ தமிழ்99 விசைப்பலகையையும் யூனிகோடையும் பழகிக்கொள். முக்தா மலர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனிப் பயிற்சி. யூடியூப் பாடங்களைப் பார்த்து வரிசையாக எஃபெக்ட் பழகாதே. ‘அ’ என்ற ஒற்றை எழுத்தைப் பக்கம் நிறையத் தட்டி, வெளிர் சாம்பலாக்கி, அந்த லேயரைப் பூட்டிவிடு. மேலே புது லேயர் போட்டு, B விசையைத் தட்டி, பெசியர் பேனாவால் அதன் ஓரத்தை வரை. முதலில் சொடுக்கிக்கொண்டே போய் முப்பது நாற்பது நோடு, அதாவது வளைவைத் தாங்கும் புள்ளிகள், வைத்துவிடுவாய். வளைவு மேடும் பள்ளமுமாக வரும். பிறகு N விசையைத் தட்டி நோடுகளைப் பார். வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் நோடு வைத்து, கைப்பிடிகளை நேர்க்குத்தாகவோ கிடையாகவோ இழு. இடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழி. நோடு குறையக் குறைய வளைவு எப்படி வழவழப்பாகிறது என்று உன் கண்ணே பார்க்கும். ‘அ’ முடிந்தால் ‘ழ’, பிறகு ‘ண’. பிரான்ஸில் ரெனோ கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் பியர் பெசியர், 1960-களில் கார் உடலின் வளைவுகளை வரையப் பயன்படுத்திய கணக்குமுறை இது. கோரல் டிராவிலும் இலஸ்ட்ரேட்டரிலும் இதே வளைவுதான். ஒன்றில் கை படிந்துவிட்டால் மற்றவற்றுக்கு மாறுவது சில வாரத்து வேலை.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்கிறது. அச்சு நடப்பதோ சிஎம்ஒய்கே என்ற நான்கு மையில். திரையின் கருப்பை அப்படியே அனுப்பினால் அது நான்கு மையின் கலவையாக மாறிவிடும். அச்சில் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். ‘ண’வும் ‘ஊ’வும்தான் முதலில் கெடும். அதற்கு ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, எழுத்தைக் கருப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று மாற்றி, வெட்டுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட்டு, பிடிஎஃப் ஆக்கிக் கொடு. புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதே, அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்.

கேன்வா கெட்டதில்லை. கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளி விழாவுக்கு ஒரு வாழ்த்து என்றால் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும். ஆனால் யாரோ போட்ட வார்ப்பில் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் உன் கண் வளராது. கோரல் டிராவை அச்சக வேலைக்குப் போகும்போது கற்றுக்கொள். சிவகாசி உட்பட இங்கே பல அச்சகங்களில் அதுதான் நடப்பு. “எந்த வெர்ஷன்ல சேவ் பண்ணியிருக்கீங்க? கர்வ் பண்ணிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். புதிய பதிப்பின் கோப்பு பழையதில் திறக்காது. எழுத்தை வளைவாக மாற்றாவிட்டால் உன் எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாதம் இங்க்ஸ்கேப்பை நிறுவி அந்த மூன்று எழுத்தையும் வரை. எனக்கு அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எஸ்விஜி கோப்பாகவே அனுப்பு. எங்கெங்கே நோடு வைத்திருக்கிறாய் என்று திறந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா